வாஷிங் மெஷின் பேரிங் போட்ட வண்டி: அது அசல் டிராக் ஃபிரேம்தானா?

நார்வேயின் ஹாமர் நகரில் வைக்கிங்ஷிபெட் என்றொரு அரங்கம் இருக்கிறது. பழைய வைக்கிங் கப்பலைக் கவிழ்த்துப் போட்டது போன்ற கூரை. 1994 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்கேட்டிங் போட்டிகளுக்காகக் கட்டியது. அதற்கு முந்தைய கோடையில் உள்ளே மரப்பலகையில் 250 மீட்டர் சைக்கிள் டிராக் போட்டிருந்தார்கள். 1993 ஜூலை 16ஆம் தேதி கிரேம் ஓப்ரீ என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே ஒரு மணி நேர உலக சாதனையை முறியடிக்க இறங்கினார்.

இந்தச் சாதனையின் விதி ரொம்ப எளிமையானது. ஒரே ஆள், ஒரே கியர், ஒரு மணி நேரம். முடியும்போது எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதுதான் கணக்கு. இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 1984 ஜனவரியில் மெக்சிகோ சிட்டியில் ஓட்டிய 51.151 கி.மீ. ஒன்பது ஆண்டுகளாக அசையாமல் நின்றது. ஓப்ரீ முதல் நாள் ஓட்டியது, அவருடைய வண்டியைப் பார்த்து வேறொருவர் நேர்த்தியாகச் செய்து கொடுத்த நகல். கிட்டத்தட்ட ஒரு கி.மீ. குறைந்துபோனது.

அன்றிரவு அவர் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் முட்டி எழுப்பிவிடும். எழுந்ததும் கால்களை நீட்டி மடக்கினால் தசை இறுகிப் போகாது. மறுநாள் காலை நகலை ஓரமாக வைத்துவிட்டு, தன் கையால் செய்த பழைய வண்டியையே எடுத்தார். 51.596 கி.மீ. மோசரைவிட 445 மீட்டர் கூடுதல்.

அந்தப் பழைய வண்டிக்கு அவர் வைத்த பெயர் ஓல்டு ஃபெய்த்ஃபுல். கடை நொடித்துப்போன ஒரு சைக்கிள்காரர் தன் கையாலேயே செய்தது. கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, சுற்றும் இடத்தில் வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய பேரிங். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போக வேண்டிய மேல் குழாயே கிடையாது. பார்த்த உடனே "இதெல்லாம் ஒரு டிராக் வண்டியா?" என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். அடுத்த ஆண்டே உலக சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. கிட்டத்தட்ட அதே கேள்வியோடு அவர் முன்னால் வந்து நின்றது.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓல்டு ஃபெய்த்ஃபுல் அசல் டிராக் ஃபிரேம்தான். டிராக் என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கடையில் தொங்கும் பல ஃபிரேம்களைவிட அசல். ஏன் என்று சொல்ல, முதலில் டிராக் ஒரு வண்டியிடம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

டிராக் கேட்பது

டிராக்கில் ப்ரீவீலும் கிடையாது, பிரேக்கும் கிடையாது, கியர் மாற்றும் வசதியும் கிடையாது. போட்டியில் மட்டுமில்லை, பயிற்சியிலும் இந்த மூன்றையும் யு.சி.ஐ. விதி தடுக்கிறது. பின் சக்கரத்தின் பல்சக்கரம் ஹப்போடு இறுகியிருக்கும். சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும், பெடல் சுற்றும் வரை காலும் சுற்றியே ஆக வேண்டும். நம் ஊர் சைக்கிளில் இறக்கத்தில் காலை நிறுத்திவிட்டு 'சர்ர்' என்று போவோமே, அந்தச் சுகம் இங்கே இல்லை. வேகம் குறைக்க வேண்டுமென்றால் சுற்றும் பெடலுக்கு எதிராகக் காலை அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது சரிவில் மேலே ஏற வேண்டும்.

இன்னொன்று, தரை சாய்ந்திருக்கிறது. 250 மீட்டர் டிராக்கின் வளைவுகள் 42 டிகிரி, அதற்கும் மேல் சாய்ந்திருக்கும். நம் வீட்டு மாடிப்படியே அவ்வளவு செங்குத்து இல்லை. நேரான பகுதியில்கூட 12, 13 டிகிரி சாய்வு உண்டு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: கால் நிற்காது, தரை சாய்ந்திருக்கிறது. டிராக் ஃபிரேமின் முக்கியமான அளவுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் கிராங்க் அச்சின் உயரம். சாலை வண்டியில் இந்த அச்சு, சக்கரங்களின் மையத்தை இணைக்கும் கோட்டுக்கு ஏறக்குறைய 70 மி.மீ. கீழே இருக்கும். தரையிலிருந்து அளந்தால் சுமார் 26.5 செ.மீ. சாலையில் வளைவு வந்தால் உள்பக்கப் பெடலை மேலே தூக்கி வைத்துக் காலை நிறுத்திக்கொள்ளலாம், அதனால் அச்சு தாழ்வாக இருப்பதில் கெடுதல் இல்லை. டிராக்கில் அது முடியாது. ஆகவே அச்சு உயரும்: கோட்டுக்கு 50 முதல் 60 மி.மீ. மட்டுமே கீழே, தரையிலிருந்து 27.5 முதல் 28.5 செ.மீ. கிராங்கும் குட்டையாக இருக்கும், பல காலம் 165 மி.மீ.தான் வழக்கம்.

வேகமாகப் போகும்போது பெடல் தட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஆபத்து மெதுவாகப் போகும்போதுதான். 250 மீட்டர் டிராக்கின் வளைவில் மணிக்கு 50 கி.மீ. பக்கம் போகிறவர் சாய்ந்த பலகைக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்பார். அப்போது இரண்டு பெடலுக்கும் பலகையிலிருந்து ஒரே இடைவெளி. வேகம் குறையக் குறைய அவர் நிமிர்வார், பலகை நிமிராது. டிராக்கில் எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புகிறார்கள், சரிவு வலப்பக்கம் ஏறுகிறது. ஆகவே முதலில் பலகையில் உரசுவது வலது பெடல். வளைவில் மணிக்கு 30 கி.மீ.க்குக் கீழே போகாதே என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் டயர் சறுக்குகிற பயமும் இருக்கிறது, பெடல் உரசுகிற பயமும் இருக்கிறது.

அடுத்தது பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் இடம். டிராக் ஃபிரேமில் அந்த வாய் பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும். சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கி நட்டை முடுக்குவார்கள். கியர் வண்டியில் தளர்ந்த செயினை, கியர் மாற்றும் கருவியான டிரெய்லியர் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இங்கே அப்படி ஒன்று இல்லை. பெடல் நிற்காத வண்டியில் செயின் கழன்று சக்கரத்தில் சிக்கினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பிரேக் இல்லாத 50 கி.மீ. வேகத்தில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு பல் மாற்றினாலும் செயினைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவரும்படி அந்த வாய் நீளமாக இருக்கிறது.

ஆனால் பின்பக்கம் திறந்த வாயை மட்டும் பார்த்து டிராக் ஃபிரேம் என்று சொல்லிவிட முடியாது. நம் ஊர்ப் பால்காரர் ஓட்டிய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளுக்கும் அதே வாய்தான். செயின் தொங்கினால் கடைக்காரர் பின் சக்கரத்து நட்டைத் தளர்த்தி, இழுத்து, மறுபடி முடுக்குவாரே, அந்த வேலைக்காக. ஒற்றைப் பல்சக்கரம் உள்ள வண்டி எதற்கும் அது வசதி.

பின் ஃபோர்க்கின் உள் அகலம் 120 மி.மீ. என்பது அடுத்த அடையாளம். ஒரே பல்சக்கரம் என்பதால் அதற்குமேல் தேவையில்லை. சக்கரத்தின் இரண்டு பக்கக் கம்பிகளும் ஏறக்குறைய சமமாக இழுக்கப்படும், சக்கரம் உறுதியாக நிற்கும். சாலை வண்டிகள் அடுக்கடுக்காகப் பல்சக்கரம் சேர்த்து 126, 130 என்று விரிந்துகொண்டே போயின. டிராக் 120லேயே நின்றது. பிறகு, முன் ஃபோர்க் நிமிர்ந்தும் அதன் வளைவு குறைந்தும் இருக்கும், வண்டியின் நீளம் சுருங்கியிருக்கும். சின்ன உடம்புக்காரரின் கால் விரல், திருப்பும்போது முன் சக்கரத்தில் உரசுவதும் உண்டு. டிராக்கில் அவ்வளவு கூர்மையாக யாரும் திருப்புவதில்லை என்பதால் அதைக் குறையாகக் கொள்வதில்லை.

பிரேக் மாட்ட ஓட்டை இல்லை, தண்ணீர் பாட்டில் மாட்டத் திருகு இல்லை, கேபிள் பிடிக்கக் கொக்கி இல்லை. கடைகளில் பெரும்பாலும் இந்த 'இல்லை'களைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் இதை ஆகக் கடைசியில்தான் பார்ப்பேன். ஓட்டை போடாமல் விடுவது யாருக்கும் எளிது. கிராங்க் அச்சு உயரத்தை மாற்ற வேண்டுமென்றால் ஃபிரேமையே வேறாக வரைய வேண்டும்.

2000க்குப் பிறகு நகரங்களில் ஃபிக்ஸ்டு கியர், அதாவது ப்ரீவீல் இல்லாத வண்டி, மோகம் பரவியபோது டிராக் என்ற பெயரில் நிறைய ஃபிரேம்கள் வந்தன. பின்பக்கம் திறந்த வாய் இருக்கும், 120 மி.மீ. அகலம் இருக்கும். ஆனால் அச்சு சாலை வண்டியின் உயரத்தில் இருக்கும், பிரேக் ஓட்டையும் பாட்டில் திருகும் இருக்கும். அவை மோசமான வண்டிகள் என்று நான் சொல்ல வரவில்லை. பிரேக் ஓட்டை சாலைக்கு அவசியம், அதைப் போட்டவர்கள் நல்ல வேலைதான் செய்திருக்கிறார்கள். அவை சாலைக்கான ஒற்றை கியர் வண்டிகள், அவ்வளவுதான். அதே வண்டியோடு டிராக் அரங்கமான வெலோட்ரோமில் இறங்கி மெதுவாக வளைவில் ஏறினால், பெடல் பலகையில் உரசும்போதுதான் பெயர் வேறு, பொருள் வேறு என்று தெரியவரும்.

சரி, இப்போது ஓல்டு ஃபெய்த்ஃபுல்.

ஓப்ரீ செய்ததும் ஏன் செய்தார் என்பதும்

ஓப்ரீ வண்டியிலிருந்து தொடங்கவில்லை, தன் உடம்பிலிருந்து தொடங்கினார். அந்த வேகத்தில் சைக்கிள்காரரின் பலத்தில் பெரும்பங்கைத் தின்பது காற்று. காற்றில் மோதுவதில் பெரிய பொருள் வண்டி அல்ல, ஆள். ஆகவே ஆளை எப்படி ஒடுக்குவது என்று யோசித்தார். நேரான ஹேண்டிலை நெஞ்சுக்கு அடியில் கொண்டுவந்து, கைகளை மடக்கி விலாவோடு ஒட்டவைத்து, நெஞ்சைக் கைகளின் மேலேயே சாய்த்துக்கொண்டார். பனிமலையில் வேகமாக இறங்கும் ஸ்கீ வீரர் குனிகிற மாதிரி.

அப்புறம் கால். சாதாரண வண்டியில் இரண்டு பெடலுக்கும் நடுவே உள்ள அகலத்தால் கால்கள் விரிந்தே சுற்றுகின்றன. நடக்கும்போது நம் பாதங்கள் அப்படியா விழுகின்றன? கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழுகின்றன. அந்த இயல்பான நெருக்கத்தைச் சைக்கிளிலும் கொண்டுவர அவர் கிராங்க் அச்சைக் குறுக்கினார். வழக்கமான பாகங்களில் அவ்வளவு குறுகலான அச்சுக்கு வழி இல்லை. வாஷிங் மெஷின் துணி பிழியும்போது நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றுகிறது, ஈரத் துணியின் பாரத்தையும் தாங்குகிறது, அப்படியானால் அதிலுள்ள பேரிங் தரமானதாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். எடுத்து மாட்டினார்.

பேரிங் என்றால் நம் சைக்கிள் கடையில் பால்ரஸ் என்று சொல்வோமே, அதன் மூடி வைத்த அண்ணன். அது எங்கிருந்து வந்தது என்பது ஃபிரேமின் இயல்பை மாற்றாது. பின்னாளில் ஓப்ரீ, இந்த வாஷிங் மெஷின் கதையைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருக்கவே கூடாது என்று வருந்தினார். எங்கே போனாலும் சாதனையை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் எழுதினார்கள். தலைப்பில் நானும் அதையே போட்டிருக்கிறேன். அந்தச் சொல் பார்வையை எப்படித் திருப்பிவிடுகிறது என்பதும் இந்த வழக்கின் ஒரு பகுதி என்பதால் போட்டேன். அதற்குப் பின்னால் இருந்த குறுகிய அச்சு என்ற யோசனையைக் கவனித்தவர்கள் குறைவு.

மேல் குழாயை ஏன் எடுத்தார்? கால்கள் நெருங்கியதும் முழங்கால்கள் அந்தக் குழாயில் இடித்தன. எடுத்துவிட்டார். பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்கள் ஏன் தரைக்கு இணையாக இல்லை? குறுகிய அச்சில் கிராங்க் அவற்றில் உரசாமல் கடந்து போக வேண்டும், அதற்காக. பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன: உடம்பு ஒடுங்க வேண்டும், அதனால் கால் நெருங்க வேண்டும், அதனால் அச்சு குறுக வேண்டும், அதனால் குழாய் விலக வேண்டும்.

இதை டிராக் கேட்பதோடு வைத்துப் பாருங்கள். ஒற்றை கியர், ப்ரீவீல் இல்லை, பிரேக் இல்லை. அது சரி. பெடல் உரசும் கேள்வியில், குறுகிய அச்சு வெலோட்ரோமுக்கு இன்னும் பொருத்தம். பெடல்கள் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வர வர, அதே உயரத்தில் வண்டி இன்னும் அதிகம் சாயலாம். ஓப்ரீ அதற்காகச் செய்யவில்லை, ஆனாலும் கிடைத்த பலன் அது. பாரம் தாங்கும் கேள்விக்கு ஒரு மணி நேரச் சாதனையைவிட ஆகஸ்டில் அதே ஹாமரில் நடந்த உலகப் போட்டிதான் நல்ல சாட்சி. இரண்டு பேர் டிராக்கின் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஓட்டும் 4,000 மீட்டர் தனிநபர் பர்சூட்டில் நின்ற இடத்திலிருந்து எழும்பிப் புறப்பட வேண்டும். ஃபிரேமை முறுக்கும் தருணம் அதுதான். அரையிறுதியில் ஒலிம்பிக் சாம்பியன் கிறிஸ் போர்ட்மேனைத் தோற்கடித்து, இறுதியில் பிரான்சின் பிலிப் எர்மெனோவையும் வென்று, அதே குனிந்த பாணியில் ஓட்டிய ஓப்ரீ உலக சாம்பியன் ஆனார்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். நெஞ்சுக்கு அடியில் ஒடுங்கிய அந்த ஹேண்டிலை வைத்துக்கொண்டு இருபது பேர் நெருக்கியடித்து ஓட்டும் பந்தயத்தில் நுழைய முடியாது. சட்டென்று விலகவோ பக்கத்து ஆளின் இடியைத் தாங்கவோ கை விரிந்திருக்க வேண்டும். ஆகவே இது எல்லா டிராக் போட்டிக்குமான ஃபிரேம் அல்ல. ஆனால் ஸ்பிரிண்ட் ஃபிரேமும் பர்சூட் ஃபிரேமும் எப்போதுமே வேறு வேறுதானே. தனியாக ஓட்டும் போட்டிக்கென்று செய்த ஃபிரேம் தனியாக ஓட்டத்தான் உதவும் என்பது அதன் மேல் குற்றமாகாது.

பலெர்மோ

ஓப்ரீயின் சாதனை ஆறு நாள்தான் நின்றது. ஜூலை 23ஆம் தேதி பிரான்சின் போர்தோ வெலோட்ரோமில் போர்ட்மேன் 52.270 கி.மீ. ஓட்டினார். 1994 ஏப்ரல் 27ஆம் தேதி அதே போர்தோவில் ஓப்ரீ 52.713 ஓட்டித் திரும்பப் பிடித்தார். ஆகஸ்டில் இத்தாலியின் பலெர்மோவில் உலகப் போட்டி. பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, அவர் குனியும் விதம் தடைசெய்யப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியவந்தது. மாற்ற மறுத்து, அப்படியே ஓட்டினார். நடுவர்கள் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள்.

தீர்ப்பு சொன்னது உடம்பைப் பற்றி, ஃபிரேமைப் பற்றி அல்ல. ஆனால் அந்த உடம்புக்காகவே வரைந்த ஃபிரேம் அது. உடம்புக்குத் தடை வந்ததும் ஃபிரேமுக்கு வேலை இல்லாமல் போனது. நான் இங்கே யு.சி.ஐ.யின் கவலையைத் தள்ளிவிட மாட்டேன். வண்டி முன்னேறுகிறதா, மனிதன் முன்னேறுகிறானா என்று தெரியாமல் போனால் சாதனைப் பட்டியலுக்கு அர்த்தம் இல்லை என்பது நியாயமான கேள்வி. ஆனால் விதியை எப்போது சொன்னார்கள் என்பது வேறு விஷயம். ஓராண்டுக்கு முன்பு அதே பாணியில் உலக சாம்பியன் ஆனவரிடம் ஒரு மணி நேரம் முன்னால் அதைச் சொல்வது எனக்கு இன்றைக்கும் நெருடுகிறது.

ஓப்ரீ அடுத்து கைகளை முன்னால் நீட்டிப் பறப்பது போன்ற இன்னொரு பாணியைக் கண்டுபிடித்து, 1995இல் கொலம்பியாவின் போகோட்டாவில் மறுபடி உலக சாம்பியன் ஆனார். அதே பாணியில் போர்ட்மேன் 1996 செப்டம்பர் 6 அன்று மான்செஸ்டரில் 56.375 கி.மீ. ஓட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் யு.சி.ஐ. லுகானோ சாசனத்தை வெளியிட்டது. பந்தயத்தில் முதன்மை மனிதனுக்குத்தான், இயந்திரத்துக்கு அல்ல என்பது அதன் அடிப்படை. அதன் வழியில் வந்த விதிகளில் ஃபிரேம் குழாய்களால் ஆன முக்கோணமாகவே இருக்க வேண்டும் என்று வந்தது. மேல் குழாய் இல்லாத வண்டிக்கு அத்தோடு கதவு மூடியது.

2000இல் இன்னும் ஒரு படி போனார்கள். 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ சிட்டியில் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஓட்டிய 49.431 கி.மீ.தான் இனி அளவுகோல். அவர் காலத்து மாதிரி வண்டியில், வளைந்த ஹேண்டிலும் கம்பிச் சக்கரமும் வைத்து ஓட்டினால்தான் ஒரு மணி நேர சாதனை. அதற்குப் பின் வந்தவையெல்லாம், மோசர், ஓப்ரீ, போர்ட்மேன் எல்லாருடையதும், வேறொரு பட்டியலுக்குப் போயின. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று போர்ட்மேன் அந்த மாதிரி வண்டியில் மான்செஸ்டரில் 49.441 ஓட்டினார். மெர்க்ஸைவிட 10 மீட்டர் அதிகம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அசல் என்று அளவுகோலாக எடுத்த மெர்க்ஸின் அந்த வண்டி எப்படிப்பட்டது? இத்தாலிய வண்டி செய்பவர் எர்னெஸ்டோ கொல்னாகோ அதற்கென்றே செய்தது. மொத்த எடை 5.75 கிலோ. எடை குறைக்கச் செயினில்கூடத் துளை போட்டிருந்தார்கள். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம் டைட்டானியம். அந்தக் காலத்தில் அதைவிடத் துணிச்சலான வண்டி இருந்திருக்க முடியாது. யு.சி.ஐ.யின் இன்றைய குறைந்தபட்ச எடை 6.8 கிலோ. பழமையின் உருவம் என்று நிறுத்திய வண்டியை இன்றைக்கு எடைபோட்டால், ஒரு கிலோவுக்கும் மேல் குறைவு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெர்க்ஸும் கொல்னாகோவும் செய்ததும், 21 ஆண்டு கழித்து ஓப்ரீ செய்ததும் ஒரே வேலை: டிராக் கேட்பதைக் கொடுத்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் கழற்றிப் போடுவது.

முத்திரை ஒன்றே போதுமா?

அசல் என்பதற்கு வேறொரு விளக்கம் ஜப்பானில் இருக்கிறது. அது என் கட்சிக்கு எதிரான நல்ல வாதம்.

1948 நவம்பரில் கொகுரா நகரில் கெய்ரின் பந்தயம் தொடங்கியது. பார்வையாளர்கள் பணம் கட்டும் பந்தயம். பணம் புழங்கும் இடத்தில் யாருடைய வண்டி ரகசியமாக உசத்தி என்ற சந்தேகமே வரக்கூடாது. அதனால் 1957இல் அமைந்த என்.ஜே.எஸ். என்ற அமைப்பு ஒவ்வொரு பாகத்துக்கும் தரம் வகுத்தது. அனுமதி பெற்ற பட்டறைகள்தான் ஃபிரேம் செய்யலாம், குழாய் எஃகாகத்தான் இருக்க வேண்டும், அனுமதி பெற்ற பாகத்தின் மேல் என்.ஜே.எஸ். முத்திரை இருக்கும். கிராங்க் அச்சுக் கூட்டின் அடியில் அந்த மூன்று எழுத்தைத் தேடித் தடவிப் பார்க்காத டிராக் பிரியர் இல்லை.

அந்த முத்திரைக்குப் பின்னால் பெரிய கைவேலை இருக்கிறது. யோஷியாகி நகசாவா இத்தாலிக்குப் போய் சான்டே போல்யாகியிடமும் உகோ டி ரோசாவிடமும் வேலை கற்றுத் திரும்பியவர். 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலகத் தொழில்முறை ஸ்பிரிண்ட் பட்டம் வென்ற கொய்ச்சி நகானோவுக்கு ஃபிரேம் செய்து கொடுத்தவர். அவருடைய ஃபிரேமைக் கையில் வைத்துப் பார்த்தால், குழாய்களைப் பிணைக்கும் லக் என்ற உறை இணையும் இடத்தில் பித்தளை ஓடிய கோடு மயிரிழையாக இருக்கும். இப்படிப்பட்டதை அசல் என்று ஒருவர் சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்த முத்திரை எதற்கு உத்தரவாதம் தருகிறது? எல்லா வண்டியும் ஒரே மாதிரி, எல்லாம் பத்திரம் என்பதற்கு. டிராக் ஃபிரேமாக இருப்பது எப்படி என்பதற்கு அல்ல. ஜப்பானே அதை ஒத்துக்கொண்டிருக்கிறது: 2012இல் தொடங்கிய பெண்கள் கெய்ரினில் கார்பன் ஃபிரேம்களில் ஓட்டுகிறார்கள். எஃகும் முத்திரையும் ஆண்களின் கெய்ரினுக்கு உரிய சட்டம். சட்டத்துக்கு மரியாதை உண்டு. ஃபிரேமின் இயல்பு அதற்கு முன்பே தீர்ந்துவிட்ட விஷயம்.

பிறகு வந்தவை

2014இல் யு.சி.ஐ. மெர்க்ஸ் காலத்து மாதிரி என்ற நிபந்தனையைக் கைவிட்டது. டிராக்கில் அன்றைக்கு எந்த வண்டி செல்லுமோ அதிலேயே சாதனைக்கு முயலலாம் என்று ஆனது. அதற்குப் பின் வந்த ஃபிரேம்களை வரிசையாகப் பார்த்தால், நாம் அடையாளம் என்று நம்பியவை ஒவ்வொன்றாக உதிர்வது தெரியும்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணி ஓட்டிய ஃபெல்ட் வண்டியில் செயின் இடப்பக்கம் இருந்தது. சைக்கிள் என்றால் செயின் வலப்பக்கம் என்று நூறாண்டாக யாரும் யோசித்துக்கூடப் பார்க்காத ஒன்று. அணி வெள்ளி வென்றது. டோக்கியோவில் பிரிட்டிஷ் அணி கொண்டுவந்த ஹோப், லோட்டஸ் கூட்டு வண்டியில் முன் ஃபோர்க்கும் பின் குழாய்களும் சக்கரத்தைவிட்டு வெகுதூரம் விலகி, ஓட்டுபவரின் கால்களுக்கு நேராக நின்றன. காலில் மோதும் காற்றை முன்பே பிரித்துவிடும் முயற்சி. இரண்டும் விதிக்குள் அடங்கிய டிராக் ஃபிரேம்கள். இரண்டிலும் ஒற்றை கியர், நிற்காத பெடல், பிரேக் இல்லாமை, சாய்ந்த பலகைக்கு ஏற்ற உயரம். மாறாமல் இருந்தவை அவை மட்டும்தான்.

யாராவது ஒரு பழைய ஃபிரேமைக் காட்டி இது அசலா என்று கேட்டால் நான் பார்க்கும் வரிசையும் அதுவே. ஸ்டிக்கரை விட்டுவிட்டு, இரண்டு சக்கரத்தையும் மாட்டிக் கிராங்க் அச்சின் உயரத்தை அளப்பேன். பிறகு பின் வாயின் நீளம், பின் அகலம், ஃபோர்க்கின் வளைவு. அச்சு 26 செ.மீ. பக்கம் நின்றால், மற்றதெல்லாம் பொருந்தினாலும் அது சாலைக்காக வரைந்த ஃபிரேம். அச்சு 28ஐத் தொட்டு, வாய் பின்னால் நீண்டு திறந்திருந்தால், பிரேக் ஓட்டை ஒன்று இருந்தால்கூட நான் அவசரப்பட்டுத் தள்ள மாட்டேன். பிரிட்டனில் ஒரு காலத்தில் கிளப்காரர்கள் ஒரே வண்டியில் பிரேக் மாட்டிக்கொண்டு சாலை வழியாக டிராக்குக்குப் போய், அங்கே கழற்றிவிட்டுப் பந்தயம் ஓட்டிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். அந்த ஃபிரேம்களில் மட்கார்டு மாட்டும் கண்கூட இருக்கும். டிராக்கில் பந்தயம் ஓட்டிய ஃபிரேமைப் பார்த்து நீ டிராக் ஃபிரேம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

2022 அக்டோபர் 8 அன்று சுவிட்சர்லாந்தின் கிரென்ஷன் வெலோட்ரோமில் இத்தாலியின் பிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓட்டினார். தனிப் பட்டியலில் தூக்கி வைத்திருந்த போர்ட்மேனின் 56.375ஐ 26 ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் தாண்டியது அன்றுதான், அதுவும் சாதாரணமாகக் குனியும் முறையில். பினரெல்லோ நிறுவனம் அவருக்காக அலுமினியக் கலவைப் பொடியிலிருந்து 3டி முறையில் அச்சடித்துச் செய்த ஃபிரேம் அது. பின் ஹப்பின் அகலம் வழக்கமான 120 மி.மீ. அல்ல, 89 மி.மீ. முன் ஹப் 100க்குப் பதில் 69. கிராங்க் அச்சுக் கூட்டை 70 மி.மீ.லிருந்து 54க்குக் குறுக்கியிருந்தார்கள், காற்றில் மோதும் பரப்பைச் சுருக்குவதற்காக.